வீதியை எங்கிருந்து நோக்குவது?

போக்குவரத்துத் திட்டமிடலைத் தம் துறையாகக் கொண்ட அறிஞர் வாகனங்களை எண்ணுகின்றார். பயண நேரத்தை அளக்கின்றார். ஆயின், எதனை எண்ணுவது என்ற தெரிவு அளவைக்கு முற்பட்டது, அறத்தைச் சார்ந்தது. டொனால்ட் அப்பிள்யார்டின் புலமை வாழ்வு இதற்குத் தக்க சான்றாகும்.

1964இல் கெவின் லிஞ்ச், ஜோன் மையர் ஆகியோருடன் அவர் எழுதிய நூல், பெருந்தெருவில் விரைவோரின் கண்ணுக்கு நகரம் எவ்வாறு தோன்றுகின்றது என ஆராய்ந்தது. பின்னர் பேர்க்லியில் பேராசிரியராகிய அவர், வீதியோர வீடுகளுக்குள் சென்று வினவத் தொடங்கினார். சான் பிரான்சிஸ்கோவின் மூன்று குடியிருப்பு வீதிகளில் நாளொன்றுக்கு முறையே ஏறத்தாழ 2000, 8000, 16000 வாகனங்கள் ஓடின. 1972இல் வெளியான முடிவுகளின்படி, வாகனம் குறைந்த வீதியில் ஒருவருக்கு அவ்வீதியிலேயே சராசரியாக மூன்று நண்பர் இருந்தனர்; மிகுந்த வீதியிலோ ஒருவருக்கும் குறைவு. தமக்குரிய எல்லையாக முன்னையோர் வீதி முழுவதையும் கருதினர். பின்னையோர் வீட்டுக்குள் ஒடுங்கினர். இவ்வாய்வை விரித்து 1981இல் நூலாக்கிய அவர், மறு ஆண்டு ஏதென்ஸில் வாகனம் மோதி இறந்தார்.

மூன்று வீதிகள் போதிய சான்றாகுமா? குழந்தைகளுள்ள குடும்பங்கள் அமைதியான வீதியிலேயே மிகுந்திருந்தன என்ற மறுப்பு நியாயமானதே. எனினும், பயணிக்கு மீதமாகும் ஐந்து நிமிடத்துக்கு விலை வகுத்த துறை, அயலவர் உறவுக்கு ஏட்டில் இடமே வைத்திருக்கவில்லை. இதனை ஆய்வுக் குறைபாடு என்பதோடு அமைவதா, அநீதி என்பதா? நட்புக்கும் விலை வகுத்தல் தீர்வாகாது. விலையுள்ளதைச் செல்வர் வாங்கிவிடுவர். தடுப்பிட்டு ஒரு வீதியைக் காப்பதும் எளிதன்று. வாகனம் அடுத்த வீதிக்குத் திரும்பும். அங்கும் வாசல்கள் உள்ளன.