காது கீழே இருந்த கிளாம்பு



போன கோடையில் ஒரு சனிக்கிழமை மத்தியானம், முடிச்சூரில் எங்கள் வீட்டு வாசலில், ஒரு இரும்பு வளையத்தோடு மூன்று மணி நேரம் மல்லுக்கட்டினேன். பழைய சான்ட்ரோ கார். ரேடியேட்டரின் கீழ்ப்பக்கத்து ரப்பர் ஹோஸை இறுக்கிப் பிடிக்கிற கிளாம்பு அது. ஹோஸ் ஊதிப்போய் எப்போது வெடிக்குமோ என்றிருந்தது. அரை மணி வேலை என்று நினைத்துத்தான் இறங்கினேன்.

பார்க்காதவர்களுக்குச் சொல்லுகிறேன். ஸ்பிரிங் எஃகுப் பட்டையை வளையமாக வளைத்து, இரண்டு நுனியையும் காதுபோல நீட்டிவிட்டிருப்பார்கள். பிளேயரால் காது இரண்டையும் சேர்த்து அமுக்கினால் வளையம் விரியும். அப்படியே பின்னால் தள்ளிவிட்டு ஹோஸைத் திருகி எடுக்கலாம். ஸ்க்ரூ வைத்த கிளாம்பு வேறு ஜாதி. பிரிட்டிஷ் கடற்படையில் இருந்த லம்லி ராபின்சன் என்பவர் 1921-ல் அதற்குப் பேட்டன்ட் வாங்கினார். அது திருகின அளவிலேயே நிற்கும். ஸ்பிரிங் கிளாம்போ, இன்ஜின் சூட்டில் ரப்பர் விரிந்தால் தானும் கொஞ்சம் விரியும், ஆறினால் தானும் சுருங்கும். பிடியை மட்டும் விடாது.

என் கிளாம்பின் காது இரண்டும் கீழே, சட்டத்தின் பக்கம் திரும்பிக் கிடந்தன. பிளேயர் நுழைய இடமே இல்லை. துரு வேறு. 2015 டிசம்பர் 2-ம் தேதி காலையோடு முடிந்த ஒரு நாளில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பதிவானது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். அடையாறு கரை புரண்டு முடிச்சூருக்குள் வந்தபோது இந்தக் காரும் கழுத்தளவு தண்ணீரில்தான் நின்றது.

"எந்த மடையன்டா காதை இந்தப் பக்கம் வெச்சு மாட்டினது?" என்று வாய்விட்டே திட்டினேன். நல்லவேளை, தெருவில் யாரும் இல்லை.

இன்ஜின் ஆறினபிறகுதான் கை வைத்தேன், அதில் தப்பில்லை. சூடாக இருக்கும்போது அழுத்தத்தினால் உள்ளே இருக்கிற தண்ணீர் 100 டிகிரி தாண்டியும் கொதிக்காமல் அடங்கி நிற்கும்; மூடியைத் திறந்தால் முகத்தில் அடிக்கும். கூலண்டையும் ஒரு பேசினில் பிடித்து வைத்தேன். அது இனிப்பாக இருக்கும், சாக்கடையில் விட்டால் தெருநாய் நக்கும், சிறுநீரகம் போய்ச் செத்துவிடும். இவ்வளவு பொறுப்பாக ஆரம்பித்தவன், மூன்றாவது மணி நேரத்தில் நீள ஸ்க்ரூ டிரைவரைக் கொடுத்து நெம்பினேன். டக்கென்று ஒரு சத்தம். கிளாம்பு அசையவில்லை. ரேடியேட்டரின் பிளாஸ்டிக் கழுத்துதான் விரிசல் விட்டது.

ஒரு பிளேடு போதுமாயிருந்தது. எப்படியும் தூக்கிப் போடப்போகிற ஹோஸ்தானே? ரேடியேட்டர் பக்கம் கொஞ்சம் தள்ளி அறுத்திருந்தால், மிச்சத் துண்டோடு கிளாம்பைச் சுற்றித் திருப்பிக் காதை மேலே கொண்டுவந்திருக்கலாம். மலிவானதை விட்டுக்கொடுக்க மனசில்லாமல் விலையுள்ளதை உடைத்தேன்.

என் மனைவி வந்து பார்த்துவிட்டு ஒன்றே ஒன்று சொன்னாள். "பெருங்களத்தூருக்கு ஒரு போன் போட்டிருக்கலாம். பெரியத்தான்கிட்ட அந்த நீள கேபிள் பிளேயர் இருக்கே."

இருக்கிறது. ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்தவர் என் அண்ணன். ஆனால் 2018-ல் அப்பா வீட்டைப் பாகம் பிரித்தபோது, நாலு பேர் முன்னால் நான் அவரிடம், "செத்தாலும் இனி உன் வாசப்படி மிதிக்க மாட்டேன்" என்று சொல்லியிருந்தேன். அதற்குப்பிறகு ஒருநாளும் மிதிக்கவில்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறவன் என்று எனக்குள்ளே ஒரு பெருமைகூட இருந்தது.

அன்று ராத்திரி இன்னொன்றும் நினைவுக்கு வந்து என்னைக் குத்தியது. அந்தக் கிளாம்பை மாட்டின மடையன் நானேதான். வெள்ளம் வடிந்தபிறகு, 2016 ஜனவரியில், ரேடியேட்டரை வெளியே கழற்றிவைத்துச் சேறு கழுவி, புது ஹோஸ் போட்டு, சிக்கனம் பார்த்துப் பழைய கிளாம்பையே மாட்டினேன். வெளியே இருக்கும்போது காது எந்தப் பக்கம் இருந்தால் என்ன, எல்லாப் பக்கமும் கை போகிறதே! ரேடியேட்டரை உள்ளே இறக்கினபிறகுதான் அது சட்டத்துக்கு அடியில் போயிற்று. ஒழுகுகிறதா என்று பார்த்தேன், ஒழுகவில்லை. கழற்ற வருமா என்று பார்க்கவில்லை.

இதை வாசிக்கிற சகோதரனே, சகோதரியே, இறுக்குவது தப்பா? இல்லை. தளர்ந்த கிளாம்பு கூலண்டை ஒழுகவிட்டு இன்ஜினையே தின்றுவிடும். மனுஷருக்குள்ளும் உறுதியாகச் சொல்லவேண்டிய வார்த்தை உண்டு. பாகப்பிரிவினையில் என் பக்கம் நியாயம் இருந்தது என்று இன்றைக்கும் நம்புகிறேன். ஆனால் இறுக்கமாக இருப்பது வேறு, திறக்கவே முடியாதபடி இருப்பது வேறு. இரண்டையும் ஒன்றென்று எண்ணினேன்.

என்றைக்கும் பிரியக்கூடாததை வெல்டு வைக்கலாம். சில வாக்குகள் அப்படி இருக்கத்தான் வேண்டும். கல்யாணத்தில் கொடுக்கிற வாக்கைக் காது வைத்துக் கொடுக்கிறவன் ஏமாற்றுக்காரன். ஆனால் ரப்பர் ஒருநாள் கெட்டுப்போகும் என்று தெரிந்துதான் கார் செய்தவன் அங்கே வெல்டு வைக்காமல் கிளாம்பு வைத்தான். கோபம் என்ன, ரப்பரைவிட அதிக நாள் தாங்குமா? எனக்கு அது இரண்டு வருஷத்திலேயே தீர்ந்துபோயிற்று. தீர்ந்தபிறகும் வளையம் மட்டும் இறுகிக்கொண்டே நின்றது. "இப்போதைக்கு வரமாட்டேன்" என்று சொல்லியிருந்தால் காது மேலே இருந்திருக்கும். "செத்தாலும்" என்றேன். அந்தச் சொல்லில் பிளேயர் வைக்க இடம் எங்கே?

வார்த்தை தவறுவது பாவமல்லவா என்று கேட்பீர்கள். நானும் அதையே சொல்லி வருஷக்கணக்காக நியாயம் பேசினேன். ஆனால் அந்த வார்த்தையை யாருக்குக் கொடுத்தேன்? அண்ணன் அதைக் கேட்டு வாங்கவில்லை. அதைக் காப்பாற்றியதால் அவருக்கு ஒரு பைசா பிரயோஜனமும் இல்லை. அறுத்துப் போடவேண்டிய ஹோஸ் அதுவாகத்தான் இருந்தது.

திங்கட்கிழமை புதுப்பேட்டையில் ரேடியேட்டர் வாங்கிக்கொண்டு, திரும்புகிற வழியில் பெருங்களத்தூரில் இறங்கினேன். கேட்டைத் திறக்கவே கை கூசிற்று. அண்ணன் வெளியே வந்தார், கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. சட்டைப்பையிலிருந்த கிளாம்பை நீட்டினேன். வாங்கி, கண்ணாடியை ஏற்றி, திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"காதை எந்தப் பக்கம்டா வெச்சிருந்தே?" என்றார்.