தாத்தாவும் பேரனும் ஒருவரா?

கிராம்ப்ஸ் என்ற வம்சாவளி மென்பொருளில் ஒரு கருவி உண்டு. பதிந்து வைத்திருக்கும் ஆட்களை ஒருவரோடு ஒருவர் ஒப்பிட்டு, யார் யார் ஒரே ஆளாக இருக்கலாம் என்று பட்டியல் போட்டுத் தரும். நாம் சம்மதித்தால் இரண்டு பதிவும் ஒன்றாகிவிடும். இறந்துபோன இருவரை ஒருவராக்க எந்தச் சான்று போதும்? நான் இதைக் கணினிக் கேள்வியாக நினைக்கவில்லை. பித்ருக்களைப் பற்றிய கேள்வியாகத்தான் நினைக்கிறேன்.

ஆடி அமாவாசைக்குத் தம்பி தர்ப்பணத்தில் உட்கார்ந்தால் சாஸ்திரிகள் மூன்று தலைமுறைப் பெயர் கேட்பார். தாய்வழியிலும் மூன்று. பாட்டிகளின் பெயர் அவனுக்கு நினைவில் நிற்காது. நான் எழுதிக் கொடுக்க ஆரம்பித்து, அது கணினிக்குப் போய், வளர்ந்துவிட்டது.

எங்களைப் போன்ற குடும்பங்களில் மூத்த பேரனுக்குத் தாத்தாவின் பெயர். சுந்தரத்தின் மகன் முருகன், அவர் மகன் சுந்தரம், அவர் மகன் முருகன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை சு. முருகன்தான். தகப்பன் பெயரும் அதே, ஊரும் நிலமும் அதே. பிறந்த வருஷமாவது பிரித்துக் காட்டுமா என்றால், பழைய ஜாதகத்தில் 'பிலவ வருஷம் ஆவணி மாதம்' என்று மட்டும் இருக்கும். அறுபது வருஷத்துக்கு ஒரு பிலவ: 1841, 1901, 1961. தாத்தாவுக்கும் பேரனுக்கும் அறுபது வயது வித்தியாசம் எந்த வீட்டிலும் இருக்கலாம். காகிதத்தை மட்டும் பார்த்தால் இருவரும் அச்சு அசல் ஒருவரே.

எல்லாக் குணத்திலும் ஒத்த இரண்டு பொருள்கள் இருக்க முடியாது என்றார் லைப்னிஸ். அவர் சொன்னது எல்லாக் குணத்தையும். நம் கையில் இருப்பதோ ஏட்டில் தங்கிய ஒருசில குணங்களே. பெயர்களை ஒலியை வைத்து ஒப்பிடும் வசதி இன்னும் மோசம். சவுண்டெக்ஸ் என்ற அந்த முறை 1918இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றது. ஆங்கிலத்தில் எழுதிய பெயரின் முதல் எழுத்தை வைத்துக்கொண்டு மற்ற மெய்களை மூன்று இலக்கமாகச் சுருக்கும். அதன் கணக்கில் முருகன் எம்-625. மார்க்கண்டனும் எம்-625. அழகனின் ழகரத்தை 'இசட்ஹெச்' என்று எழுதினால் ஏ-225, 'எல்' என்று எழுதினால் ஏ-425. வெவ்வேறு ஆட்கள் ஒன்றாகிறார்கள், ஒரே ஆள் இரண்டாகிறார்.

அத்வைதிகள் ஓர் உதாரணம் சொல்வார்கள்: அன்று அங்கே பார்த்த தேவதத்தன்தான் இன்று இங்கே நிற்கும் இவன். அன்று, இன்று, அங்கே, இங்கே என்ற மாறும் அடையாளங்களைக் கழித்துவிட்டு ஆளை மட்டும் பற்றிக்கொள்வது. பதிவுகளை இணைக்கிறவரும் இதைத்தான் செய்கிறார். ஆனால் அந்த உதாரணத்தில் இரண்டு தடவையும் பார்த்த ஒரு கண் இருக்கிறது. அந்தக் கண்தான் பிரமாணம். அது இல்லாமல் அடையாளங்களைக் கழித்தால் யாரையும் யாராகவும் ஆக்கிவிடலாம்.

எங்கள் பாட்டியின் அம்மா இரண்டு ஆளாகப் பதிவாகியிருந்தார். பிறந்த வீட்டு ஜாதகத்தில் ஒரு பெயர். மாமியாருக்கும் அதே பெயர் என்பதால் புகுந்த வீட்டில் மாற்றிவிட்டார்கள், நிலப் பத்திரத்தில் அந்தப் புதுப் பெயர். இரண்டு பெயருக்கும் ஓர் எழுத்துகூட ஒற்றுமையில்லை, மென்பொருள் சந்தேகப்படவே இல்லை. எங்கள் அத்தைதான் சொன்னாள், "ரெண்டும் எங்க பாட்டிதாண்டி. நான் அவ மடியிலயே வளர்ந்தவ." அந்த இரண்டையும் இணைத்தேன். பத்திரத்தில் தாய் தகப்பன் இல்லாமல் நின்றவளுக்குப் பெற்றோர் கிடைத்தார்கள். இணைக்காமல் விடுவதும் சில நேரம் அநியாயம்தான், பெண்கள் விஷயத்தில் முக்கியமாக.

இன்னொரு வாதமும் உண்டு. பேரன் பிறந்ததும் "தாத்தாவே வந்து பொறந்திருக்கார்" என்கிறோமே, அப்படியானால் ஒருவர்தானே? மறுபிறவியை நானும் நம்புகிறேன். ஆனாலும் சடங்கு அப்படி நினைக்கவில்லை. பேரன் முருகன் எள்ளும் தண்ணீரும் விட்டுத் தாத்தா முருகனை அழைக்கிறான். உச்சரிப்பது தன் பெயரையே, கொடுப்பவன் வேறு, பெறுபவர் வேறு. பன்னிரண்டாம் நாள் சபிண்டீகரணத்தில் இறந்தவரின் பிண்டத்தை மூன்றாகப் பிரித்து முன்னோர் மூவரின் பிண்டங்களோடு சேர்க்கிறார்கள். பிண்டம் கலந்த பிறகும் தர்ப்பணத்தில் பெயர்கள் தனித்தனியாகத்தான் ஒலிக்கின்றன.

மார்மன் சபையினருக்கு முன்னோரைத் தேடிப் பதியும் வேலை மதக் கடமையே. 1894இல் யூட்டாவில் வம்சாவளிச் சங்கம் தொடங்கியவர்கள் அவர்கள். இறந்த முன்னோருக்காக உயிரோடிருப்பவர் ஞானஸ்நானம் பெறுவார். ஒருவருக்கு ஒருமுறை போதும் என்பதால், இரட்டைப் பதிவு இருந்தால் சடங்கு வீணாகத் திரும்ப நடக்கும் என்ற கவலை அவர்களுக்கு. நமக்கு அந்தக் கவலை இல்லை. ஒருவரையே இரண்டு பேராக நினைத்து இரண்டு கை தண்ணீர் விட்டால் யாருக்கும் குறைவில்லை.

இருவரை ஒருவராக்குவதுதான் பாவம். கிராம்ப்ஸின் நிரலில் எஞ்சும் பதிவுக்கு ஃபீனிக்ஸ் என்றும் மூழ்கும் பதிவுக்கு டைட்டானிக் என்றும் பெயர். மூழ்கியவரின் பெயர் மாற்றுப் பெயராக ஒட்டிக்கொள்ளும், மனைவி மக்கள் எஞ்சியவரிடம் போய்ச் சேருவார்கள். தாத்தாவைப் பேரனோடு இணைத்தால் பேரன் பெண்டாட்டி தாத்தாவுக்கு மனைவியாகிறாள். தர்ப்பணத்தின் கடைசியில் யாருமற்றவர்களுக்கென்று ஒரு கை தண்ணீர் விடுவதுண்டு. பெயரும் பிள்ளைகளும் இருந்த ஒருவரை அந்தக் கூட்டத்தில் கொண்டுபோய்த் தள்ள நமக்கு அதிகாரம் கிடையாது. சந்தேகம் இருந்தால் இருவராகவே இருக்கட்டும்.

உங்கள் வீட்டுப் பழைய ஜாதகங்களை எடுத்துப் பாருங்கள். வருஷப் பெயர் மட்டும் இருந்தால், தெரிந்த பெரியவர் இருக்கும்போதே கேட்டு, பக்கத்தில் ஆங்கில ஆண்டையும் சொன்னவர் பெயரையும் எழுதி வையுங்கள்.