காலத்தின் குற்றமா, வினையின் விளைவா?



அருகப் பெருமானின் திருவடிகளை வணங்கி, இந்நாளில் நம் இல்லங்களில் அடிக்கடி எழுகின்ற ஒரு வினாவை ஆராய்வோம். கோடையின் வெம்மை மிகுந்து வருகிறது. மழை பொய்த்தால் குடிக்கவும் நீரில்லை. பெய்தால் ஒரே நாளில் ஊர் மூழ்குகிறது. இவற்றைக் கண்ட நம் பெரியோர் சிலர், "இது பஞ்சம காலம், ஆகமத்தில் உரைத்தபடியே யாவும் நடக்கின்றன, நாம் செய்யத்தக்கது யாதுளது?" என்று கூறி அமைந்துவிடுகின்றனர். இக்கூற்று பக்தியின் மொழிபோல் தோன்றுகிறது. ஆயினும் இது ஜினதருமத்திற்கு ஒத்த கூற்றுதானா?

இது இறங்குகாலமாகிய அவசர்ப்பிணி என்பதும், அதன் ஐந்தாம் பகுதியாகிய துஷம காலத்தில் நாம் வாழ்கிறோம் என்பதும் உண்மையே. ஆறாம் காலத்தில் வெம்மையும் வறட்சியும் உயிர்களை வாட்டும் என்றும் நம் நூல்கள் கூறுகின்றன. ஆனால் அந்நூல்கள் கணக்கையும் சேர்த்தே கூறியுள்ளன. பகவான் மகாவீரர் வீடுபேறடைந்து மூன்று ஆண்டு, எட்டு மாதம், பதினைந்து நாள் கழிந்தபின் தொடங்கிய ஐந்தாம் காலத்தின் அளவு 21,000 ஆண்டுகள். பகவானின் 2550ஆம் நிர்வாண ஆண்டு விழாவை 2024இல் கொண்டாடினோம். ஆகவே இக்காலத்தில் இன்னும் 18,000 ஆண்டுகளுக்கு மேல் எஞ்சியுள்ளன. ஆறாம் காலத்துக்குரிய வெம்மையை இரண்டு நூற்றாண்டுக்குள் நாமே வருவித்துக்கொண்டு, பழியைக் காலத்தின்மேல் சுமத்துதல் முறையாகுமா?

மேலும், காலம் என்னும் திரவியம் எதனையும் செய்விப்பதன்று. குயவனின் சக்கரத்தின் அடியிலுள்ள கல், சக்கரம் சுழலத் துணைநிற்கும். சுழற்றுவது குயவனின் கையே. காலமும் அக்கல்லைப் போன்றதே என்பது நம் ஆசாரியர்களின் விளக்கம். காலம் துணைக்காரணம், வினை நம்முடையது. வினையைக் காலத்தின் கணக்கில் எழுதுவோன், வினைக் கோட்பாட்டையே மறுத்தவனாகிறான்.

இனி, அறிவியல் கூறுவதைக் காண்போம். தொழிற்புரட்சிக்கு முன் வளிமண்டலத்தில் பத்து லட்சம் பங்கு காற்றுக்கு ஏறத்தாழ 280 பங்கு கரியமில வாயு இருந்தது. இன்று அது 420 பங்கைக் கடந்துவிட்டது. நிலக்கரியையும் பெட்ரோலியத்தையும் எரித்தலும் காடழித்தலுமே இதற்குத் தலையாய காரணங்கள். இவ்வாயு புவியின் வெப்பத்தை வெளியேற விடாமல் போர்வைபோல் தடுக்கிறது. 1850 முதல் 1900 வரையிலான நிலையோடு ஒப்பிட, 2011 முதல் 2020 வரையிலான பத்தாண்டில் புவியின் சராசரி வெப்பம் ஏறத்தாழ 1.1 பாகை செல்சியஸ் உயர்ந்திருந்தது என்று ஐக்கிய நாடுகளின் காலநிலைக் குழு 2021இல் அறிவித்தது. எரித்த புகை அன்றே மறைவதன்று. அதன் கணிசமான பகுதி பல நூற்றாண்டுகள் வளிமண்டலத்தில் தங்கும்.

இது நமக்குப் புதிய செய்தியா? வினை உயிரினுள் வருதலை ஊற்று என்றும், வந்தது ஒட்டி நிற்றலைக் கட்டு என்றும், வரும் வாயிலை அடைத்தலைச் செறிப்பு என்றும், ஒட்டியதைக் கழித்தலை உதிர்ப்பு என்றும் நாம் இளமை முதல் கற்றுள்ளோம். கண்ணுக்குப் புலனாகாத நுண்துகள் சிறிது சிறிதாகச் சேர்ந்து, செய்த செயல் மறந்தபின் பயன் தரும் என்னும் உண்மையை உலகம் இன்று வானத்தில் காண்கிறது.

நம்மவர் பலர் குடியேறி வாழும் குரோம்பேட்டையே இதற்குச் சான்று. குரோம் தோல் ஆலையால் பெயர் பெற்ற ஊர் அது. அருகிலுள்ள நாகல்கேணிப் பகுதியில் பல்லாண்டுகள் நடந்த தோல் பதனிடும் தொழிலால் நிலத்தடி நீரில் குரோமியம் கலந்துள்ளமையை ஆய்வுகள் காட்டியுள்ளன. தோலைப் பயன்படுத்தியவர் எங்கோ இருந்தார். நஞ்சோ இங்குள்ள கிணற்றில் தங்கிற்று. உயிர்க்கொலையால் வந்த பொருளின் விளைவு, கொலை செய்யாதவர் வீட்டு நீரிலும் புகுந்தது. நிலத்தடியில் நிகழ்ந்த இதுவே வளிமண்டலத்திலும் நிகழ்கிறது.

விளைவுகளையும் நாம் நேரில் கண்டோம். 2015 டிசம்பர் 2ஆம் நாள் காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை பெய்தது. அடையாறு பெருகி முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகள் மூழ்கின. அவ்வாண்டின் பருவமழைப் பெருவெள்ளத்தில் தமிழகத்தில் 400க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். மனிதரைக் கணக்கிட்டோம், மாண்ட பிற உயிர்களை யார் கணக்கிட்டார்? நான்கே ஆண்டில் நிலை தலைகீழாயிற்று. 2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய ஏரிகள் வறண்டன. ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து இரயிலில் சென்னைக்குக் குடிநீர் வந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மீண்டும் வெள்ளத்தைக் கொணர்ந்தது.

ஒரு மழையை மட்டும் காட்டி, "இது புவி வெப்பத்தால் விளைந்ததே" என்று அறுதியிடுதல் பொருந்தாது. 2015இல் பசிபிக் கடலின் எல் நினோ நிகழ்வும் வலுவாக இருந்தது. பல காரணங்களை ஒருங்கே நோக்குதல் அநேகாந்தம் கற்ற நமக்கு இயல்பு. எனினும், வெப்பம் ஒரு பாகை உயர்ந்தால் காற்று ஏறத்தாழ 7 விழுக்காடு மிகுதியான நீராவியைத் தாங்கும் என்பதும், அதனால் பெருமழை மேலும் வலுப்பெறும் என்பதும் நிறுவப்பட்டவை.

பெய்த மழை தங்கவும் வழியவும் நம் முன்னோர் ஏரிகளைச் சங்கிலிபோல் அமைத்தனர். சிட்லபாக்கம் ஏரியின் மிகைநீர் செம்பாக்கத்திற்கும், அங்கிருந்து நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் வழியாகப் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்திற்கும் செல்லும். ஒருகாலத்தில் 5,000 ஹெக்டேருக்கு மேல் பரந்திருந்த அச்சதுப்புநிலத்தில் இன்று சிறு பகுதியே எஞ்சியுள்ளது. 2022இல் அது ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. அதன் ஓரத்திலேயே பெருங்குடிக் குப்பைமேடும் வளர்ந்தது. நிலத்தின் மீது கொண்ட அளவிறந்த பற்றே ஏரியையும் கால்வாயையும் விழுங்கிற்று. மிகுபொருள் விரும்பாமை என்னும் அணுவிரதம் குன்றிய இடத்தில் வெள்ளம் புகுந்தது.

"நான் காட்டை வெட்டவில்லை, ஆலை நடத்தவில்லை, புலாலும் உண்ணேன்" என்று நாம் கூறலாம். புலால் மறுத்தல் நம் குலத்தின் பெருமை, உலகிற்கும் நன்மை. ஆயினும் செய்தல், செய்வித்தல், உடன்படல் ஆகிய மூன்றும் வினையே என்பது நம் கொள்கை. நம் அறையில் குளிர்சாதனத்தை இயக்கும்போது, எங்கோ ஓர் அனல்மின் நிலையத்தில் நிலக்கரி எரிகிறது. எண்ணூர்ப் பகுதியில் அதன் சாம்பல் கழிமுகத்தில் படிந்து, மீன்களையும் அங்கு வாழும் எளிய மக்களையும் வருத்துகிறது. நாம் எரிக்கவில்லை; எரிப்பித்தோம்.

அங்ஙனமாயின் செறிப்பிற்கு வழி யாது? சமந்தபத்திர ஆசாரியர் இரத்தினகரண்ட சிராவகாசாரத்தில் வகுத்ததும், அதனைத் தழுவிய அருங்கலச்செப்பு தமிழில் உரைத்ததுமான மூன்று குணவிரதங்களே வழி. முதலாவது திக்விரதம், செல்லும் திசைக்கும் தொலைவிற்கும் எல்லை வகுத்தல். மின்தொடர் வண்டி ஓடும் ஊரில் ஒருவர் மட்டும் செல்லக் கார் எதற்கு என்று எண்ணுதல் இதன் இக்காலப் பயிற்சி. இரண்டாவது அனர்த்த தண்ட விரதம். பயனின்றி உயிர்க்குத் தீங்கு செய்யாமை. வீணே நிலம் அகழ்தல், நீர் இறைத்தல், தீ மூட்டல், காற்று எழுப்பல், செடிகொடி வெட்டல் ஆகியவற்றை இவ்விரதம் விலக்குகிறது. நிலமும் நீரும் தீயும் காற்றும் மரமும் ஓரறிவுயிர்களின் உடல்கள் என்று அறிந்த சமயமன்றோ இதனைக் கூற முடியும்! ஆளில்லா அறையில் சுழலும் மின்விசிறியும், நிரம்பி வழியும் மேல்நிலைத் தொட்டியும் இவ்விரதத்திற்கு இழுக்கே. மூன்றாவது போகோபபோக பரிமாணம். நுகர்பொருளுக்கு அளவு வகுத்தல். திருமண விருந்தில் மிஞ்சிக் குப்பைமேட்டில் அழுகும் உணவிலிருந்து மீத்தேன் எழுகிறது. முதல் 20 ஆண்டுகளில் அதன் வெப்பமூட்டும் ஆற்றல் கரியமில வாயுவைப்போல் ஏறத்தாழ 80 மடங்கு. இலையில் வீணாகும் சோறும் வானத்தைச் சுடுகிறது.

செறிப்போடு உதிர்ப்பும் வேண்டும். ஓட்டையை அடைக்காமல் நீரை இறைப்பவன் தோணியைக் காக்கமாட்டான். அடைத்துவிட்டு இறைக்காதவனும் கரை சேரான். தமிழகத்தில் 2003இல் கட்டாயமாக்கப்பட்ட மழைநீர்த் தொட்டி நம் வீட்டில் தூர்ந்து கிடக்கிறதா என்று பார்த்தல், மரம் நட்டு நீரூற்றல், ஏரி காக்கும் அயலாரோடு கைகோத்தல் ஆகியன உதிர்ப்பின் பாற்பட்டவை. நீரை வடித்துப் பருகி, துணியில் தங்கிய நுண்ணுயிரை அந்நீர்நிலைக்கே திருப்பிவிட்ட மரபு நம்முடையது. திருப்பிவிட நீர்நிலையே இல்லாமற் போனால் அம்மரபும் எங்கே நிற்கும்?

"ஒரு குடும்பம் அடக்கிக்கொள்வதால் உலகம் குளிருமோ?" என்று கேட்பாருளர். பெரிய மாற்றத்திற்கு அரசுகளும் ஆலைகளும் நெறிப்பட வேண்டும் என்பது உண்மை. 2015இல் பாரிஸ் உடன்படிக்கை ஏற்பட்டதும், 2070க்குள் நிகர வெளியேற்றத்தைப் பூச்சியமாக்குவதென நம் நாடு 2021இல் அறிவித்ததும் அதற்காகவே. அவற்றை வற்புறுத்துவதும் நம் கடமை. ஆனால் பிறர் திருந்தும்வரை என் வினையின் வாயில் திறந்திருக்கலாம் என்று எந்த ஆகமமும் கூறவில்லை. வந்தவாசி, செய்யாறு, செஞ்சிப் பக்கங்களில் ஏரிப் பாசனத்தை நம்பிப் பயிர்செய்யும் நம் உறவினர் இன்றும் உள்ளனர். நகரத்தில் நாம் அடக்கிக்கொள்ளும் ஒவ்வொன்றும் அவர்தம் வயலுக்கு நாம் அளிக்கும் அபயதானத்தின் ஒரு கூறே.

வாழ்நாள் முழுதும் கொள்ளும் விரதம் யமம். கால எல்லை குறித்துக் கொள்வது நியமம். யமம் அரிது, நியமம் எவர்க்கும் எளிது. ஆகவே, இவ்விதழ் கைக்கு வந்த நாள் முதல் அடுத்த இதழ் வரும்வரை மூன்று மாத நியமம் ஒன்றை ஒவ்வோர் இல்லமும் ஏற்பதாக. பயணம், மின்சாரம், நீர், உணவு ஆகிய நான்கிற்கும் குடும்பத்தார் கூடி அளவு குறித்துக்கொள்க. மின்கட்டணச் சீட்டில் உள்ள யூனிட் அளவைப் பூசையறையில் எழுதி வைத்து, அடுத்த சீட்டோடு ஒப்பிடுக. மீறிய நாளில் பிரதிக்கிரமணத்தின்போது அதனையும் நினைந்து, மறுநாள் திருத்திக்கொள்க. கதிர் மறையுமுன் உண்டு பழகிய நமக்கு, தேவைக்கு அளவு வகுத்தல் கடினமன்று.

காலச்சக்கரம் தன் வழியே சுழலும். அதன்மேல் எதனை வைத்து வனைகிறோம் என்பதே நம் பொறுப்பு. எல்லா உயிரும் இன்புறுக! அருகன் அறம் ஓங்குக!