பெருநாள் விடுமுறை யாருக்கு?



 

வளைகுடாவில் பிள்ளை இல்லாத வீடு நம் மஹல்லாவில் குறைவு. 2022 ஜனவரியில் ஐக்கிய அரபு அமீரகம் தன் அரசு அலுவலகங்களுக்கு வார விடுமுறையைச் சனி, ஞாயிறு என்று மாற்றியது. வெள்ளிக்கிழமை நண்பகல் 12 மணி வரை வேலை நாளாகிவிட்டது. அந்தச் செய்தி வந்த சமயம் ஒரு பெரியவர் ஜும்ஆ முடிந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "என்ன ஹஜ்ரத், முஸ்லிம் நாட்டிலேயே வெள்ளிக்கிழமை லீவை எடுத்துவிட்டார்களே!" என்று வருத்தப்பட்டார். அவருடைய ஈமானிய ரோஷத்தை நான் மதிக்கிறேன். ஆனால் வெள்ளிக்கிழமையை விடுமுறை நாளாக ஆக்கியது யார்? அல்லாஹ்வா, அரசாங்கமா?

ஜும்ஆ அத்தியாயத்தின் 9, 10ஆம் வசனங்களை எடுத்துப் பாருங்கள். பாங்கு சொல்லப்பட்டால் வியாபாரத்தை விட்டுவிட்டு அல்லாஹ்வை நினைவுகூர விரைந்து வரச் சொல்கிறான். வியாபாரத்தை விடு என்றால், அதுவரை கடை திறந்திருந்தது என்றுதானே பொருள்! தொழுகை முடிந்ததும் பூமியில் பரவிச் சென்று அல்லாஹ்வின் அருளைத் தேடச் சொல்கிறான். இராக் இப்னு மாலிக் (ரஹ்) என்ற தாபியீ ஜும்ஆ தொழுதுவிட்டு பள்ளியின் வாசலில் நின்று துஆ கேட்பார்களாம்: யா அல்லாஹ், நீ அழைத்தாய், வந்தேன், கடமையைத் தொழுதேன், நீ சொன்னபடி இதோ கிளம்புகிறேன், உன் அருளிலிருந்து எனக்கு ரிஸ்க் கொடு என்று. யூதர்கள் சனிக்கிழமை வேலையை விடுவது போல வெள்ளிக்கிழமை வேலையை விடுவதைச் சில ஸஹாபாக்கள் வெறுத்தார்கள் என்ற செய்தி இமாம் மாலிக் (ரஹ்) அவர்களிடமிருந்து அறிவிக்கப்பட்டிருக்கிறது.

ஆகவே வெள்ளிக்கிழமை லீவு என்பது நாடுகள் செய்துகொண்ட ஏற்பாடு. அமீரகத்திலேயே 2006க்கு முன்பு வியாழனும் வெள்ளியும் விடுமுறை. பிறகு வெள்ளி, சனி. ஷார்ஜாவில் இப்போது வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் விடுமுறை. ஏற்பாடு மாறும். ஜும்ஆ மாறாது.

அந்த நாட்டின் பொது விடுமுறைப் பட்டியலையும் கொஞ்சம் கவனியுங்கள். ஷவ்வால் 1, 2, 3. அரஃபா நாளான துல்ஹஜ் 9. அதைத் தொடர்ந்து 10, 11, 12. ஹிஜ்ரி புத்தாண்டு, நபி (ஸல்) அவர்கள் பிறந்த தினம், ஜனவரி 1. அமீரகங்கள் 1971இல் ஒன்று சேர்ந்ததை நினைவுகூரும் டிசம்பர் 2, 3. இவையெல்லாம் லீவு என்பதால் எல்லாம் பெருநாள் ஆகிவிடுமா? நோன்புப் பெருநாளுக்கு மூன்று நாள் விடுமுறை. மார்க்கத்தில் அது ஒரே நாள்தான், ஷவ்வால் 2இலேயே ஆறு நோன்பை ஆரம்பித்துவிடலாம். ஹஜ்ஜுப் பெருநாளில் நேர்மாறு. விடுமுறை 12உடன் முடிகிறது. தக்பீரோ 13ஆம் நாள் அஸர் வரை இருக்கிறது. அலுவலகம் திறந்த பிறகும் தக்பீர் ஓடிக்கொண்டிருக்கும். காலண்டரில் சிவப்பு மை எங்கே முடிகிறது என்று பார்த்து இபாதத்தை நிறுத்திவிடாதீர்கள்.

நபி (ஸல்) அவர்கள் மதீனாவுக்கு வந்தபோது அம்மக்களுக்கு விளையாடிக் களிக்க இரண்டு நாட்கள் இருந்தன. அவற்றைவிடச் சிறந்த இரண்டு நாட்களை அல்லாஹ் மாற்றாகத் தந்துவிட்டான் என்று அவர்கள் அறிவித்ததை அனஸ் (ரலி) கூறுகிறார்கள், அபூதாவூதில் இருக்கிறது. மகிழ்ச்சியை எடுத்துவிடவில்லை, கவனியுங்கள். பெருநாளில் அபிசீனியர்கள் பள்ளியிலேயே ஈட்டி விளையாடினார்கள். ஆயிஷா (ரலி) அவர்கள் சலிக்கும் வரை பார்க்க நபியவர்கள் நின்றுகொடுத்தார்கள். ஆனால் அந்த மகிழ்ச்சியை வாசலிலேயே ஒரு நிபந்தனையோடு வைத்தார்கள். ஃபித்ரா கொடுத்துவிட்டுத் தொழ வா. குர்பானி இறைச்சியில் ஏழைக்குப் பங்கு வை. அடுத்தவனுக்குப் பெருநாள் வந்த பிறகுதான் உனக்குப் பெருநாள்.

போன பெருநாளன்று, நம் தெருவிலிருந்து போய் துபாயில் ஒரு ஹோட்டல் சமையற்கட்டில் வேலை செய்யும் தம்பி ஃபோன் செய்தார். விடியலில் தொழுதுவிட்டு நேராக அடுப்படிக்குப் போனவர், இரவுதான் வெளியே வந்தாராம். மற்றவர்கள் பெருநாள் கொண்டாட அவர் சமைக்க வேண்டும். "அம்மாவிடம் சொல்லாதீர்கள் ஹஜ்ரத், புதுச்சட்டை போட்டு ஃபோட்டோ அனுப்பிவிட்டேன்" என்றார். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

அவருக்கு அந்த நாட்டுச் சட்டத்தில் ஒரு உரிமை இருக்கிறது. 2021இல் வந்த தொழிலாளர் சட்டப்படி, பொது விடுமுறையன்று வேலை வாங்கினால் அதற்குப் பதிலாக வேறொரு நாள் ஓய்வு தர வேண்டும். அல்லது அன்றைய சம்பளத்தோடு அடிப்படைச் சம்பளத்தில் 50 சதவீதமாவது கூடுதலாகத் தர வேண்டும். அங்கே இருக்கும் உங்கள் பிள்ளைகளிடம் இதைச் சொல்லுங்கள். பல பேருக்குத் தெரியாது.

இப்போது நம் பக்கம் வருவோம். நம் பிள்ளைக்கு அங்கே கிடைக்க வேண்டும் என்று நினைப்பதை, இங்கே நம்மிடம் வேலை செய்யும் இன்னொருவர் பிள்ளைக்கு நாம் கொடுக்கிறோமா? ஜவுளிக் கடை, செருப்புக் கடை வைத்திருப்பவர்கள் இந்த ஸஃபிலேயே இருக்கிறீர்கள். பிறை தெரிந்த இரவு சுபுஹு வரை கடை ஓடுகிறது. பில் போடும் பையனும் துணி மடித்து வைக்கும் பெண்ணும் நின்றுகொண்டே இருக்கிறார்கள். விடிந்ததும் முதலாளி குளித்து, அத்தர் பூசி முதல் ஸஃபுக்கு வருகிறார். அந்தப் பையன் பெருநாள் தொழுகைக்கு எழ முடியாமல் தூங்குகிறான். அந்தத் தொழுகை தவறியதில் நமக்குப் பங்கில்லையா?

ஸஹீஹ் புகாரியில் அபூதர் (ரலி) அறிவிக்கும் செய்தி நம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். உங்களிடம் வேலை செய்பவர்கள் உங்கள் சகோதரர்கள். அவர்கள் சக்திக்கு மீறிச் சுமத்தாதீர்கள், சுமத்தினால் நீங்களும் கை கொடுங்கள் என்பது அதன் கருத்து. பிரியாணி போட வரும் மாஸ்டர், ஆடு அறுக்க வருபவர், பாத்திரம் தேய்க்க வரும் அம்மா எல்லோரும் இதில் அடங்குவார்கள். அந்த அம்மா முஸ்லிமாக இல்லாவிட்டாலும் அடங்குவார். (இமாமுக்கும் மோதினாருக்கும் அன்று லீவு கேட்கவில்லை, பயப்படாதீர்கள்!)

வருகிற பெருநாளுக்கு முன்பே ஒரு முடிவு எடுங்கள். பிறை இரவில் வேலை செய்பவர்களை முறை வைத்து வீட்டுக்கு அனுப்புங்கள். அந்த இரவின் கூலியைக் கூட்டி, தொழுகைக்கு முன்பே கையில் கொடுங்கள். பெருநாள் கழித்து வாங்கிக்கொள் என்று சொல்லாதீர்கள். அன்று வேலை வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால், எந்த நாள் ஓய்வு என்பதை அவரையே கேட்டு முடிவு செய்யுங்கள்.

யா அல்லாஹ்! வெளிநாட்டில் தனியாகப் பெருநாள் கழிக்கும் எங்கள் பிள்ளைகளைப் பாதுகாப்பாயாக! எங்களிடம் உழைப்பவர்களின் ஹக்கை எங்கள் கழுத்தில் விட்டுவிடாமல் நிறைவேற்றத் தவ்ஃபீக் செய்வாயாக! ஆமீன்.