கைவேலையும் தேவனுடைய வேலையே
(தியானப் பகுதி: யோசுவா 4:1-9)



இஸ்ரவேல் ஜனங்கள் யோர்தானைக் கடந்து தீர்ந்தபின்பு, கர்த்தர் யோசுவாவுக்கு ஒரு கட்டளை கொடுத்தார். கோத்திரத்துக்கு ஒருவராகப் பன்னிரண்டு பேர், ஆசாரியர்களின் கால்கள் நின்ற இடத்திலிருந்து ஆளுக்கொரு கல்லைச் சுமந்து வரவேண்டும். அக்கற்கள் கில்காலில் நாட்டப்பட்டன. அவை அலங்காரத்திற்காக நாட்டப்பட்டவை அல்ல. பின்னொரு நாளில் ஒரு பிள்ளை அவற்றைக் கண்டு, இவை என்னவென்று தன் தகப்பனைக் கேட்கவேண்டும். தகப்பன் தேவன் செய்ததை விவரிக்கவேண்டும். இதுவே அக்கற்களின் நோக்கம்.

ஞாயிறு பள்ளியில் நாம் செய்விக்கும் கைவேலைகளுக்கும் இதுவே அளவுகோல். வீட்டில் ஒரு கேள்வியை எழுப்பாத கைவேலை, எவ்வளவு அழகாயிருந்தாலும், வெறும் காகிதமே.

1780-ல் இங்கிலாந்தின் குளோஸ்டர் நகரில் ராபர்ட் ரெய்க்ஸ் ஞாயிறு பள்ளியைத் தொடங்கினார். அங்கே வந்தவர்களில் அநேகர் வாரநாட்களில் வேலைக்குச் சென்ற ஏழைப் பிள்ளைகள். அவர்களின் கைகள் உழைப்பை அறிந்திருந்தன, எழுத்தை அறியவில்லை. இன்று நம்மிடம் வரும் பிள்ளைகளில் பலருக்கு எழுத்து தெரியும். ஆனால் கையால் ஒன்றை உருவாக்கும் மகிழ்ச்சி தெரியாது. கேட்ட கதை மறந்துபோகலாம். தன் கையே செய்ததைப் பிள்ளை எளிதில் மறவாது.

கைவேலை அற்பமானதென்று எண்ணாதிருங்கள். ஆசரிப்புக் கூடார வேலைக்காகத் தேவன் பெசலெயேலைப் பெயர் சொல்லி அழைத்து, தம்முடைய ஆவியினால் நிரப்பினார் என்று யாத்திராகமம் 31-ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். அவன் பிரசங்கியல்ல, பொன்னிலும் மரத்திலும் வேலை செய்தவன்.

மூன்று எளிய முயற்சிகளைக் கவனியுங்கள்.

முதலாவது, நோவாவின் பேழை. அதன் நீளம் 300 முழம், அகலம் 50, உயரம் 30. பத்து முழத்துக்கு ஒரு சென்டிமீட்டர் என்று கணக்கிட்டு, பழைய அட்டையில் 30 செ.மீ. நீளம், 5 செ.மீ. அகலம், 3 செ.மீ. உயரமுள்ள பெட்டியைச் செய்யச் சொல்லுங்கள். ஒவ்வொரு பிள்ளையும் முழங்கை முதல் விரல் நுனிவரை தன் முழத்தையும் அளந்து பார்க்கட்டும். கீழ்ப்படிதல் எத்தனை பெரிய உழைப்பு என்பது அப்போது விளங்கும்.

இரண்டாவது, நினைவுக் கற்கள். பிள்ளைகள் பன்னிரண்டு கூழாங்கற்களைப் பொறுக்கி வரட்டும். ஒரு கல்லில் மட்டும் வகுப்பிலே பாடத்தின் பெயரை எழுதுங்கள். மற்றவற்றை வெறுமையாகவே வீட்டுக்கு அனுப்புங்கள். தேவன் அக்குடும்பத்தை நடத்தின விதங்களைத் தாயும் தகப்பனும் பாட்டியும் சொல்லச் சொல்ல, பிள்ளை ஒவ்வொன்றாக எழுதட்டும். விசுவாசத்தைப் போதிக்கும் பொறுப்பை ஆசிரியரிடம் ஒப்படைத்துவிட்டு மௌனமாயிருக்கும் வீடுகள் உண்டு. அந்த மௌனத்தை ஒரு கூழாங்கல் கலைக்கக்கூடும்.

மூன்றாவது, தொற்காளின் ஊசி. அவள் மரித்தபோது, அவள் செய்துகொடுத்த வஸ்திரங்களை விதவைகள் அழுதுகொண்டே பேதுருவுக்குக் காண்பித்தார்கள். ஆகவே மாதத்திற்கு ஒரு கைவேலையாவது பிறருக்காக இருக்கட்டும். படுக்கையிலிருக்கும் ஒரு முதியவருக்குப் பிள்ளை வரைந்த வாழ்த்து அட்டையைப் பிள்ளையே கொண்டுபோய்க் கொடுக்கட்டும்.

ஆசிரியர்களே, ஓர் எச்சரிப்பு. ஆண்டு விழாக் கண்காட்சியில் பாராட்டுப் பெறுவதற்காகப் பிள்ளையின் வேலையை நீங்களே முடித்துக் கொடுக்காதிருங்கள். சிறு பிள்ளைகளுக்குக் கத்தரிக்கோல் வேலையை மட்டும் செய்துகொடுங்கள். ஒட்டுவதும் வண்ணந்தீட்டுவதும் அவர்களுடையதாகட்டும். கோணலாய் ஒட்டப்பட்ட பேழையைத் திருத்தினால், பேழை நேராகும். பிள்ளையின் உள்ளமோ சோர்ந்துபோகும். ஐந்து அப்பங்களையும் இரண்டு மீன்களையும் கொண்டுவந்த பையனிடம் ஆண்டவர் இன்னும் சிறந்ததைக் கேட்கவில்லை. இருந்ததை வாங்கி ஸ்தோத்திரம் செய்தார்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை ஒரு பிள்ளை பசை ஒட்டிய விரல்களோடு வீடு திரும்பும். பெற்றோரே, கையைக் கழுவச் சொல்லுமுன், "இது என்ன?" என்று கேளுங்கள். கில்காலில் தொடங்கிய உரையாடல் உங்கள் வீட்டிலும் தொடரட்டும். கர்த்தர் அச்சிறு கைகளின் பிரயாசத்தை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.