உள்கட்டுப்பாடும் மதிப்பெண்ணும்

ஒரு நிறுவனத்தின் பணம் களவுபோகாமலும், கணக்கு பொய்க்காமலும், சட்டம் மீறப்படாமலும் இருக்க அந்நிறுவனமே தனக்குள் வகுத்துக்கொள்ளும் ஏற்பாடுகளுக்கு உள்கட்டுப்பாடு என்று பெயர். பணம் வாங்குபவர் ஒருவர், கணக்கு எழுதுபவர் வேறொருவர் என்று வேலையைப் பிரிப்பது, காசோலையில் இருவர் கையொப்பமிடுவது, மாதந்தோறும் வங்கிக் கணக்கோடு ஒத்துப்பார்ப்பது, சரக்கிருப்பை எண்ணிச் சரிபார்ப்பது ஆகியவை இதன் எளிய வடிவங்கள். இந்த ஏற்பாடு எவ்வளவு நல்லது என்பதை எண்ணால் சொல்ல முடியுமா? தணிக்கைத் துறை எழுப்பும் இந்தக் கேள்வி, எதை அறிய முடியும், யாரை நம்பலாம் என்ற மெய்யியல் கேள்விகளிலிருந்து பிரிக்க முடியாதது.

நம்பிக்கையைச் சோதித்தறியும் முயற்சி பழையது. அமைச்சரை அறம், பொருள், காமம், அச்சம் என்ற நான்கு வழிகளில் சோதிக்கச் சொல்கிறது கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம். பொருளாசைச் சோதனையில் தேறியவரையே வரி திரட்டும் பதவியிலும் கருவூலப் பதவியிலும் அமர்த்த வேண்டும் என்றும் அது விதிக்கிறது. திருக்குறளின் ‘தெரிந்துதெளிதல்’ அதிகாரமும் இதே வகை நான்கு சோதனைகளோடு தொடங்குகிறது; பரிமேலழகர் அவற்றை உபதைகள் என்று விளக்குகிறார். இவ்விரு நூல்களிலும் சோதனை உண்டு, மதிப்பெண் இல்லை. சோதனையின் முடிவு, இவரை நம்பலாமா கூடாதா என்ற தீர்ப்பாகவே அமைகிறது.

மதிப்பெண் முறை அண்மைக் காலத்தது. அமெரிக்காவின் கோசோ அமைப்பு 1992இல் உள்கட்டுப்பாட்டுக்கு ஒரு பொதுச் சட்டகம் வகுத்தது. அதன் 2013ஆம் ஆண்டுப் பதிப்பில் 5 கூறுகளும் 17 கோட்பாடுகளும் உள்ளன. கணக்கு மோசடியால் என்ரான், வேர்ல்டுகாம் நிறுவனங்கள் சரிந்த பிறகு 2002இல் அமெரிக்காவில் வந்த சார்பேன்ஸ்–ஆக்ஸ்லி சட்டம், நிதிக் கணக்கு சார்ந்த உள்கட்டுப்பாட்டை நிர்வாகமே ஆண்டுதோறும் மதிப்பிட வேண்டும் என்றது. இந்தியாவில் 2013ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டம் தணிக்கையாளரின் அறிக்கையில் இதற்கு இடம் தந்தது. தகவல் தொழில்நுட்பக் கட்டுப்பாட்டுக்கான கோபிட் சட்டகத்தின் 4.1 பதிப்பு 0 முதல் 5 வரை முதிர்ச்சி நிலைகளை வகுத்தது. ஒவ்வொரு கூறுக்கும் இப்படி ஓர் எண் தந்து, எடையிட்டு, சராசரி கண்டு, நிறுவனம் முழுவதற்கும் ஒரே மதிப்பெண்ணை அறிவிக்கும் வழக்கம் பரவியது.

அந்த எண் எத்தகையது என்பது முதல் கேள்வி. உளவியலாளர் எஸ். எஸ். ஸ்டீவன்ஸ் 1946இல் அளவைகளை நான்காகப் பிரித்தார்: பெயர் அளவை, வரிசை அளவை, இடைவெளி அளவை, விகித அளவை. நீளமும் எடையும் விகித அளவையில் அடங்கும். 4 கிலோ 2 கிலோவைப் போல் இருமடங்கு. முதிர்ச்சி நிலையோ வரிசை அளவை. 4ஆம் நிலை 2ஆம் நிலையைவிட மேல் என்று மட்டுமே அது சொல்லும். இருமடங்கு நல்லது என்று சொல்லாது. வரிசை எண்களைக் கூட்டிச் சராசரியாக 3.4 என்று அறிவிக்கும்போது, அந்தத் தசமப் புள்ளி தன்னிடம் இல்லாத துல்லியத்தைக் காட்டுகிறது.

சராசரி இன்னொரு தீங்கும் செய்கிறது. பத்துக் கட்டுப்பாடுகளில் ஒன்பது சிறப்பாக இருந்து, பணம் வெளியேறும் ஒரே வழி காவலின்றிக் கிடந்தால், சராசரி உயர்வாகவே இருக்கும், பணமும் போய்விடும். அமெரிக்கத் தணிக்கைத் தரநிலை இதை உணர்ந்தே எழுதப்பட்டிருக்கிறது. கணக்கில் பெரும் பிழையை விட்டுவைக்கக்கூடிய பலவீனம் ஒன்றே ஒன்று இருந்தாலும், உள்கட்டுப்பாடு பயனுள்ளது என்று சொல்ல இயலாது. நிறைகள் அந்தக் குறையை ஈடுசெய்வதில்லை.

மூன்றாவது சிக்கல் ஆழமானது. மதிப்பெண்ணுக்கு ஆதாரமாவது நடந்து முடிந்தவை. 25 ரசீதுகளில் 24இல் உரிய ஒப்புதல் இருந்தது என்று எண்ணலாம். கட்டுப்பாட்டின் தரமோ, நாளை ஒருவர் ஏமாற்ற முனைந்தால் என்ன ஆகும் என்பதில் இருக்கிறது. மோசடி நடக்காத ஆண்டு நல்ல கட்டுப்பாட்டுக்குச் சான்றாகாது. யாரும் முயலாதிருந்திருக்கலாம், முயன்றது தெரியாமலே போயிருக்கலாம்.

அளத்தல் அளக்கப்படுவதையும் மாற்றுகிறது. ஓர் அளவீடு இலக்காகிவிட்டால் அதன் நம்பகம் கெடும் என்ற கருத்து, பிரிட்டன் பொருளியலாளர் சார்லஸ் குட்ஹார்ட் 1975இல் முன்வைத்த வாதத்திலிருந்து பிறந்தது. மதிப்பெண்ணோடு ஊக்கத்தொகையை இணைத்தால், படிவங்கள் நிறையும், கண்காணிப்பு மெலியும். சோதனையே மாசற்றவரைக் கெடுத்துவிடக் கூடாது, அப்படிக் கெட்டவருக்கு மருந்து கிடைக்காமலும் போகலாம் என்று கௌடில்யர் எச்சரித்ததும் இந்த அச்சத்தால்தான்.

எண்ணுக்கு முற்றிலும் எட்டாதது தலைமையின் நேர்மை. இந்தியத் தகவல் தொழில்நுட்ப நிறுவனமான சத்யம் 2008இல் நிறுவன ஆளுகைக்கான தங்க மயில் விருதைப் பெற்றது. 2009 ஜனவரி 7 அன்று அதன் தலைவர் ராமலிங்க ராஜு, கணக்கில் காட்டிய ரொக்கத்திலும் வங்கி இருப்பிலும் 5,040 கோடி ரூபாய் இல்லாதது என்று கடிதம் எழுதி ஒப்புக்கொண்டார். விதியை வகுப்பவரே விதியைத் தாண்டும்போது, கீழுள்ள கட்டுப்பாடுகள் அனைத்தும் ஒழுங்காக நடந்துகொண்டே பயனற்றுப் போகின்றன.

இவற்றால் மதிப்பெண் வீண் என்றாகாது. கிளைகளை ஒப்பிடவும், சென்ற ஆண்டினின்று ஏற்பட்ட சரிவைக் காணவும், எங்கே முதலில் பார்ப்பது என்று முடிவுசெய்யவும் அது உதவும். ஒவ்வொரு கூறின் எண்ணும் தனித்தனியே தெரிய வேண்டும். ஒவ்வோர் எண்ணுக்கும் சான்று காட்டப்பட வேண்டும். மிகத் தாழ்ந்த எண்ணே முதலில் பேசப்பட வேண்டும். அளப்பவர் அளக்கப்படுபவருக்குக் கட்டுப்படாதவராக இருக்க வேண்டும். இந்த நான்கும் இருந்தால் எண் தணிக்கையாளரின் தீர்ப்புக்குத் துணை நிற்கும். ஆனால் ஒரு நிறுவனத்தை நம்பலாமா என்பதைச் சொல்லும் பொறுப்பு மனிதருடையது. அதை எந்த மதிப்பெண்ணிடமும் ஒப்படைக்க முடியாது.