ஒரு பிடி போஞ்சி

அம்மாயி கடைசிவரை பீன்ஸை பீன்ஸ் என்று சொல்லவில்லை. போஞ்சிதான். கோத்தகிரி சந்தையில் "போஞ்சி என்னா வெல?" என்று அவள் சத்தமாகக் கேட்கும்போது, பக்கத்தில் கூடையோடு நிற்கிற எனக்குக் கூச்சமாக இருக்கும். டச்சுக்காரர்கள் விட்டுப்போன சொல் சிங்களத்தில் போஞ்சியாகி, இலங்கைத் தமிழிலும் நிலைத்துவிட்டது என்பதெல்லாம் ரொம்பப் பின்னால் தெரிந்துகொண்டது. அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம், இந்தச் சொல்லைச் சொன்னால் நாங்கள் 'சிலோன்காரங்க' என்று கடைக்காரருக்குத் தெரிந்துவிடும் என்பது மட்டும்தான்.

1964-ல் சிறிமாவோவும் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தப்படி 5,25,000 பேர் இந்தியாவுக்கு என்று முடிவானது. அந்தக் கணக்கில் அம்மாயியும் ஒரு ஆள். 1974-ல் நுவரெலியாப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து கிளம்பி, தலைமன்னாரில் கப்பலேறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் கிடந்து, கடைசியில் நீலகிரிக்கு வந்து சேர்ந்தாள். தாயகம் திரும்பியவர்களுக்காக அரசாங்கம் 1968-லிருந்தே இங்கே தேயிலை நட ஆரம்பித்திருந்தது. பின்னாளில் அதுதான் டான்டீ ஆனது. இரண்டு இரும்புப் பெட்டி, ஒரு அம்மி, முந்தானை முடிச்சில் ஒரு பிடி போஞ்சி விதை. சட்டப்படி பார்த்தால் அப்படி விதை கொண்டுவந்ததே தப்பாக இருந்திருக்கலாம். முடிச்சை யாரும் அவிழ்த்துப் பார்க்கவில்லை.

அந்த ஒரு பிடியில் ஐந்து நிறம் இருந்தது. வெள்ளை, கறுப்பு, மஞ்சள், பழுப்பு, அரக்கில் கோடு போட்டது. எல்லாம் கொடி வகை. லயத்துக்குப் பின்னாலிருந்த துண்டு நிலத்தில் மிலாறு நட்டு ஏற்றிவிடுவாள். கொடி காய்ந்ததும் காய்களை உரித்து முறத்தில் பரப்பி, அடுத்த வருஷத்துக்கு விதை எடுப்பாள். அப்போது எனக்கு ஏழாம் வகுப்பு. பெரிய விதையாகப் பொறுக்கி வைத்தால் அடுத்த முறை பெரிதாகக் காய்க்கும் என்று அறிவியல் பாடத்தை அவளுக்கு விளக்கினேன். அவள் முறத்திலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னாள்: "பெருச மட்டும் வச்சா கறுப்பு எங்க சாமி போகும்?" கறுப்பு விதைதான் ஐந்திலும் சின்னது.

பாடத்தில் படித்ததும் தப்பு, அவள் சொன்னது ஏறக்குறைய சரி என்பதை, நூறு வருஷத்துக்கு முன்னாலேயே ஒருவர் இதே பீன்ஸை வைத்து நிரூபித்திருக்கிறார். டென்மார்க்கின் வில்ஹெல்ம் யோஹான்சன். மருந்துக்கடையில் தொழில் பழகியவர், பிறகு கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் வேலை பார்த்தவர். ஒரு மூட்டை 'பிரின்சஸ்' பீன்ஸை எடுத்து, ஒவ்வொரு விதையையும் எடைபோட்டு, எந்த விதைக்கு எது பிள்ளை என்று கணக்கு வைத்து விதைத்தார். பீன்ஸ் பூ பெரும்பாலும் விரிவதற்குள்ளேயே தன்னைத்தானே மகரந்தம் சேர்த்துக்கொண்டுவிடும். அதனால் ஒரு விதையின் வம்சம் பெரும்பாலும் அதே விதையின் நகலாகத்தான் போகும். அவர் பிரித்தெடுத்த 19 வம்சங்களிலும் ஒரே விஷயம்தான் தெரிந்தது. கலப்பு மூட்டையில் பெரிய விதைகளைப் பொறுக்கினால், பெரிய விதை தருகிற வம்சங்கள் முன்னுக்கு வரும். ஆனால் ஒரு வம்சத்துக்குள்ளே எத்தனை தலைமுறை பெரிதைப் பொறுக்கினாலும் ஒன்றும் மாறாது. ஒரே வம்சத்தில் பெரிய விதையும் சின்ன விதையும் ஒரே சராசரியுள்ள பிள்ளைகளையே பெற்றன. பெரிதாக இருந்தது வெயிலும் மண்ணும் கொடியில் அது இருந்த இடமும் கொடுத்தது, வம்சம் கொடுத்ததல்ல. இதை 1903-ல் வெளியிட்டார். 1909-ல் 'ஜீன்' என்ற சொல்லையே அவர்தான் உருவாக்கினார். இன்று எதற்கெடுத்தாலும் "அது ஜீன்லயே இருக்குப்பா" என்று சொல்கிறோமே, அந்தச் சொல்லைப் பெற்றெடுத்ததில் பீன்ஸ் மூட்டைக்கும் பங்கு உண்டு.

ஆக, நான் சொன்னபடி அம்மாயி செய்திருந்தால் சில வருஷத்தில் கறுப்பு போயிருக்கும், கோடு போட்டது போயிருக்கும், ஒரே வம்சம் மிஞ்சியிருக்கும். அதற்குப் பிறகு எவ்வளவு பொறுக்கினாலும் பலனிருந்திருக்காது. அவள் பொறுக்கியது எதையும் மேம்படுத்த இல்லை. வந்தபடியே வைத்திருக்கத்தான். நாற்பது வருஷ வேலைக்குப் பிறகு அவளிடம் இருந்தது, 1974-ல் முந்தானையில் இருந்த அதே ஐந்து நிறம். புதிதாக ஒன்றுமில்லை.

இந்த 'புதிதாக ஒன்றுமில்லை'யைத்தான் சில வருஷமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். காரணம், பெங்களூரில் என் மேசைக்கு மேலே மாட்டியிருக்கும் ஒரு பலகை. அமெரிக்கக் காப்புரிமை, கண்டுபிடித்தவர்கள் பட்டியலில் மூன்றாவது என் பெயர். போனில் நெட்வொர்க் போய்த் திரும்பி வரும்போது தகவல்களை எப்படி ஒத்திசைப்பது என்பது விஷயம். அந்த முறையின் முக்கால்வாசியும் இலவசமாகக் கிடைக்கும் ஒரு மென்பொருள் நூலகத்தில் ஏற்கெனவே இருந்தது. ஊர் பேர் தெரியாத ஒருவர் சம்பளமில்லாமல் எட்டு வருஷமாகப் பிழை திருத்தி வைத்திருந்த நூலகம். நாங்கள் அதில் ஒரு வரிசையை மாற்றினோம். "பழையதிலிருந்து வித்தியாசம் என்ன, அதை மட்டும் சொல்லுங்க" என்று வக்கீல் கேட்டார். சொன்னேன். பொய் ஒன்றும் சொல்லவில்லை. அந்த வருஷம் போனஸும் வந்தது.

அந்தச் சமயத்தில்தான் எனோலா பீன்ஸ் கதையைப் படித்தேன். கொலராடோவைச் சேர்ந்த லாரி ப்ராக்டர் 1994-ல் மெக்சிகோவின் சோனோராவில் ஒரு மூட்டை கலப்பு பீன்ஸ் வாங்குகிறார். ஊருக்குக் கொண்டுவந்து மஞ்சள் விதைகளை மட்டும் பொறுக்கி விதைக்கிறார். சில முறை திரும்பத் திரும்பப் பொறுக்கி, நிறம் ஒரே சீராக வந்ததும் மனைவியின் பெயரிலிருந்து எடுத்து 'எனோலா' என்று பெயர் வைக்கிறார். 1999 ஏப்ரலில் காப்புரிமை கிடைக்கிறது, எண் 5,894,079. அந்த மஞ்சளின் குறிப்பிட்ட சாயலே அவருக்குச் சொந்தம் என்கிற அளவுக்கு அதன் கோரிக்கைகள் நீண்டன. உடனே மெக்சிகோவிலிருந்து மஞ்சள் பீன்ஸ் இறக்குமதி செய்பவர்களிடம் பவுண்டுக்கு ஆறு சென்ட் கேட்கிறார், வழக்குப் போடுகிறார். தலைமுறை தலைமுறையாக அதைச் சாப்பிட்டு வந்த ஊர்க்காரர்கள், அதை வடக்கே விற்க அவருக்குக் கப்பம் கட்ட வேண்டும்.

கொலம்பியாவிலுள்ள சியாட் என்கிற சர்வதேச ஆய்வு மையம் 2000 டிசம்பரில் இதை எதிர்த்தது. உலகின் மிகப்பெரிய பீன்ஸ் விதைக் கருவூலம் அவர்களுடையது, 37,000-க்கும் மேற்பட்ட மாதிரிகள். அதில் மஞ்சள் மட்டுமே நூற்றுக்கணக்கில் இருந்தன, சில எனோலாவேதான் என்று சொல்லும்படி. பால் கெப்ட்ஸ் குழு மரபணுவைப் பரிசோதித்து, இது மெக்சிகோவில் ஏற்கெனவே இருந்த மஞ்சள் ரகங்களிலிருந்து நேரடியாகப் பொறுக்கப்பட்டதுதான் என்று 2004-ல் காட்டியது. 2008 ஏப்ரலில் காப்புரிமை அலுவலகம் அதை ரத்து செய்தது. 2009 ஜூலையில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. பத்து வருஷம். அதற்குள் அவர் வசூலித்தது வசூலித்ததுதான்.

முதலில் படித்தபோது எனக்கு ப்ராக்டர் மேல் கோபம் வந்தது. பலகையைப் பார்த்தபோது அந்தக் கோபம் அவ்வளவு சுலபமாக இல்லை. அவர் செய்ததும் வேலைதான். பொறுக்கினார், விதைத்தார், திரும்பப் பொறுக்கினார். பொறுக்குவதே திருட்டு என்றால் பயிர் ஆராய்ச்சியில் பாதி திருட்டாகிவிடும். நம் ஊரில் நன்றாக ஓடிய 'அர்கா கோமல்' ரகம், பெங்களூரு தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த மாதிரி ஒன்றிலிருந்து பொறுக்கியது. வெளிநாட்டு விதை, திரும்பத் திரும்பப் பொறுக்கல், ஒரு புதுப் பெயர். எனோலாவுக்கும் இதற்கும் முறையில் பெரிய வித்தியாசமில்லை. வித்தியாசம் அதற்குப் பிறகு நடந்ததில் இருக்கிறது. அர்கா கோமலை ஒருமுறை வாங்கிய விவசாயி அடுத்த வருஷம் தன் விதையையே போட்டுக்கொள்ளலாம், பக்கத்துக் காட்டுக்காரருக்கும் கொடுக்கலாம். 2001-ல் வந்த நம் பயிர் ரகப் பாதுகாப்புச் சட்டத்தின் 39-வது பிரிவும், பெயர் போட்டு பாக்கெட் கட்டி விற்காதவரை விதையைச் சேமிக்கவும் மாற்றிக்கொள்ளவும் விற்கவும் விவசாயிக்கு உரிமை உண்டு என்கிறது.

வேலி போட்டதுதான் தப்பு, எடுத்தது அல்ல என்று இதோடு முடித்துக்கொள்ளலாம். ஆனால் என்னை அரிப்பது இன்னொன்று. எனோலாவை யார் தோற்கடித்தது? வக்கீல்கள் மட்டுமில்லை. சியாட்டின் குளிர் அறையில் அந்த மஞ்சள் விதைகள் இருந்ததால்தான் 'இது ஏற்கெனவே இருக்கிறது' என்று காட்ட முடிந்தது. அவை அங்கே வந்து சேர, அதற்கு முன்னால் யாரோ ஒவ்வொரு வருஷமும் மஞ்சளை மஞ்சளாகவே விதைத்து எடுத்திருக்க வேண்டும். அந்த வேலைக்குச் சட்டத்தில் பெயர் இல்லை. சட்டம் கேட்பது 'என்ன புதுசு?' என்பதை. வைத்திருந்தவர்களின் வெற்றியோ எதுவும் புதிதாக நடக்காமல் பார்த்துக்கொண்டதில் இருக்கிறது. நம் சட்டம் இதில் கொஞ்சம் பரவாயில்லை. பாரம்பரிய ரகங்களைக் காத்த விவசாயிகளுக்கும் சமூகங்களுக்கும் விருது தருகிறது, விவசாயிகளின் ரகத்தைப் பதிவு செய்யவும் வழி வைத்திருக்கிறது. ஆனாலும் பதிவுக்குப் போனால் ஒரு ரகம், ஒரு பெயர் வேண்டும். அம்மாயியிடம் இருந்தது ரகம் இல்லை, ஒரு பிடி. ருவாண்டாவிலும் இப்படிக் கலப்பாகத்தான் விதைப்பார்கள். லூயிஸ் ஸ்பெர்லிங் அங்கே பீன்ஸ் தெரிந்த பெண்களை ஆராய்ச்சி நிலையத்துக்கே அழைத்துவந்து பொறுக்கச் சொன்னபோது, அவர்கள் எடுத்துப்போனவை அவர்கள் காட்டில் நன்றாகவே விளைந்தன. எந்தச் சரிவுக்கு எது நிற்கும் என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

அம்மாயியைத் தெய்வமாக்கவும் நான் தயாரில்லை. அவள் கொடி குறைவாகத்தான் காய்க்கும், காய் முற்றினால் நாராகிவிடும். ஈர வருஷத்தில் காயெல்லாம் குழிந்த கரும்புள்ளி விழும். அந்த நோய் விதை வழியாகவே அடுத்த வருஷத்துக்கும் போகும், அதற்கு அவளிடம் மருந்து இல்லை. என் மாமா குத்தகை நிலத்தில் போட்டது கடைப் பாக்கெட் விதை. மேட்டுப்பாளையம் மண்டிக்கு லாரியில் போனது அந்த பீன்ஸ்தான். என் இன்ஜினியரிங் ஃபீஸில் அந்த பீன்ஸுக்கும் கேரட்டுக்கும் பங்கு உண்டு. அம்மாயியின் போஞ்சிக்கு இல்லை. ஊட்டி தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தில் உட்கார்ந்து நோய் தாங்கும் செடி தேடுகிறவர்கள் இல்லாமல் இந்த மலையில் யாரும் பிழைக்க முடியாது.

அப்புறம், அம்மாயிக்கும்தான் அது சொந்தமா? எட்டாயிரம் வருஷத்துக்கு முன் மெக்சிகோவிலும் ஆண்டீஸ் மலையிலும் காட்டுக் கொடியைப் பழக்கியவர்களுக்கு அவள் ஒரு காசு கொடுத்ததில்லை. கப்பலில் கொண்டுவந்த ஐரோப்பியர்களும் கொடுத்ததில்லை. உரிமை என்று பேச ஆரம்பித்தால் கணக்கு எங்கேயும் நிற்காது. அதைக் கடன் என்று பார்த்தால் எனக்கு ஓரளவு புரிகிறது. வாங்கியவருக்குத் திருப்ப முடியாத கடன், அடுத்த ஆளிடம்தான் கட்ட முடியும். அந்த நூலகக்காரருக்கு ஒரு நாள் மின்னஞ்சல் எழுதினேன், காப்புரிமை பற்றிச் சொல்லி. "பரவாயில்லை, அந்த 3.2 பதிப்பில் ஒரு பிழை இருக்கிறது, நேரமிருந்தால் பாருங்கள்" என்று பதில் வந்தது. இரண்டு வார இறுதி உட்கார்ந்து சரிசெய்து அனுப்பினேன். பலகையை இன்னும் கழற்றவில்லை.

அம்மாயி போய் நான்கு வருஷமாகிறது. விதை ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் அம்மாவின் சமையலறைப் பரணில் இருந்தது. போடணும் போடணும் என்று நானும் சொல்லிக்கொண்டே இருந்தேன். மலை ஈரத்தில் பீன்ஸ் விதை ரொம்ப வருஷம் தாங்காது என்று எனக்குத் தெரியாமலில்லை. போன சித்திரையில் எடுத்து, நிறத்துக்கு நாலாக 20 விதையை ஈரத்துணியில் கட்டிவைத்தேன். மூன்று முளை விட்டன. இரண்டு வெள்ளை, ஒரு பழுப்பு. மற்றதெல்லாம் ஐந்தாம் நாள் நாறிப்போயின.

மேல் லயத்துப் பெரியம்மா வீட்டு வேலியில் கொடி ஏறியிருந்ததை அம்மாதான் காட்டினாள். பெரியம்மா உள்ளே போய் டப்பாவைக் கொண்டுவந்து திண்ணையில் கொட்டினாள். கறுப்பு இருந்தது, மஞ்சள் இருந்தது, கோடு போட்டதும் இருந்தது. கூடவே நான் பார்த்திராத ஊதாப் புள்ளி ஒன்று.

"இது அம்மாயி கொடுத்த போஞ்சிதானே பெரியம்மா?"

"யாரு சொன்னா? இது எங்க மாமியா வச்சிருந்தது. ஒங்க அம்மாயி வெத அத்துப்போயி, எங்ககிட்டதான் வாங்கிட்டுப் போனாங்க, ரெண்டு தடவ."

அம்மாவைப் பார்த்தேன். அம்மா கொடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெரியம்மா ஒவ்வொரு நிறத்திலும் கொஞ்சம் கொஞ்சமாக அள்ளி ஒரு செய்தித்தாளில் மடித்துக் கொடுத்தாள். "காச்சா ஒரு படி கொண்டாந்து குடுத்துருப்பா. எனக்கு அந்த ஊதா கம்மியாதான் இருக்கு."